கண்ணு மங்குதுன்னா காசு வேண்டாம், கூட ஒரு ஆள் வேணும்

எங்கள் பக்கத்து வயசாளிகள் கண் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "பல்பு டல்லா எரியுது, மாத்துப்பா" என்பார்கள். அரிசியில் கல் பொறுக்கும் வேலையை மருமகள் பக்கம் தள்ளிவிடுவார்கள். கோயிலுக்குப் போவது நின்றுபோகும். ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில், பட்டப்பகலில் நான் வாசலில் நிற்கும்போதே "யாரு அது?" என்று கேட்கும் ஆச்சியைப் பார்த்தால் புரை எந்த அளவுக்கு வந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இப்போதும் போன் வருகிறது. "நர்சம்மா, அப்பாவைக் கண்ணு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், எவ்வளவு ஆகும்?" தமிழ்நாட்டில் புரை ஆபரேஷனைப் பொறுத்தவரை இதற்குப் பதில், சரியான வழியில் போனால் ஒன்றும் ஆகாது என்பதுதான். ஆனால் கூடப் போவது யார், ஒரு மாதம் சொட்டு மருந்து விடுவது யார் என்ற கேள்விகளுக்கு எந்தத் திட்டத்திலும் பதில் கிடையாது. அதனால் இதை வயசாளிகளுக்காக எழுதவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகிற மகனுக்கும் மகளுக்கும், பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை

சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதா? அம்மாவைப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கட்டும். விரலால் கண்ணை அழுத்தக் கூடாது, பொத்தினால் போதும். எழுத்துத் தெரியாதவர் என்றால் அதே பத்தடியில் நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். கிட்டப் பார்வைக்கு அதே காலண்டர் தாளில் இருக்கும் ராசிபலன் போதும்.

ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது முக்கியம். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றது போய்விட்டதே தெரியாமல் வருஷக்கணக்கில் இருந்துவிடுவார்கள். "ரெண்டு கண்ணையும் தொறந்தா எல்லாம் தெரியுதே" என்று வாதாடுவார்கள். அதை நம்பாதீர்கள்.

ஜன்னல் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கம்பி நடுவில் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் விழித்திரையில் கோளாறு இருக்கலாம். அதைப் புரை என்று நினைத்து முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கவே கூடாதவை இன்னும் சில உண்டு. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது. திரை இறங்கிய மாதிரி ஒரு பக்கம் மறைப்பது, மின்னல் மின்னலாகத் தெரிவது. கண் சிவந்து, தலைவலியும் வாந்தியுமாக வருவது. இதைப் பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே கண் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். கதிர் அடிக்கும்போது நெல் உமியோ தாளோ கண்ணில் பட்டுச் சிவப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முன்னால் எதற்கெடுத்தாலும் மதுரைதான்.

உமி பட்ட கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் விடக் கூடாது. மெடிக்கலில் "கண்ணுச் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி விடுவது அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைப் புண்ணாக இருக்கும் பட்சத்தில் புண் பரவும். ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். ஊரில் "பூ விழுந்த கண்" என்கிறோமே, அதில் எத்தனையோ இப்படி வந்தவை.

எங்கே போவது

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். வட்டார அளவிலான நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருப்பார். சின்ன நிலையங்களுக்கு அவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், எந்தக் கிழமை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பார்வை அளவு, புரை இருக்கிறதா, கண்ணாடி போதுமா என்பதெல்லாம் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். சீட்டுச் செலவு இல்லை. ஆபரேஷன் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை, எனவே அம்மாவும் மகளும் போய்வந்தால் கையில் இருந்து போவது டீச் செலவுதான்.

இரண்டாவது வழி முகாம். கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போவார்கள், சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நோட்டீஸை முழுதாகப் படியுங்கள். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் என்ற பெயரும், ஆபரேஷன் செய்யப்போகிற மருத்துவமனையின் பெயரும், நடத்துகிற லயன்ஸ் அல்லது ரோட்டரி சங்கத்தின் பெயரும் இருக்கும். "கண் பரிசோதனை இலவசம்" என்று மட்டும் போட்டு ஒரு கண்ணாடிக் கடையின் பெயர் இருந்தால் அது வியாபாரம். அங்கே புரையையும் கண் அழுத்தத்தையும் பார்க்கப்போவதில்லை. தாத்தாவுக்கு ஒரு கண்ணாடியை விற்று அனுப்பிவிடுவார்கள், தாத்தாவும் "கண்ணு செக் பண்ணியாச்சு" என்று நிம்மதியாகிவிடுவார். என் கோபமெல்லாம் அந்த நிம்மதி மேல்தான்.

மூன்றாவது, நேராகப் பெரிய கண் மருத்துவமனைக்குப் போவது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை அரவிந்த் தெரியாமல் இருக்காது. திருநெல்வேலி, தேனி, திண்டுக்கல், கோவை, சேலம், பாண்டிச்சேரி, சென்னையிலும் அவர்களுக்கு மருத்துவமனைகள் உண்டு. திருச்சிக்காரர்களுக்கு 1934-இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை. கோவையில் சங்கரா, சென்னையில் சங்கர நேத்ராலயா. சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சென்னையில் இருந்துகொண்டு அதைத் தாண்டித் தனியாருக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். அரவிந்த் போன்ற இடங்களில் இலவசப் பிரிவு, கட்டணப் பிரிவு என்று தனித்தனியாக உண்டு. நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம், வருமானச் சான்றிதழ் கேட்டு யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். ஆனால் இலவசப் பிரிவுக்கு நீங்களாக நேரில் போனால் ஆபரேஷனுக்குச் சிறு சலுகைக் கட்டணம் கேட்கலாம். முகாம் வழியாகப் போகிறவருக்கு ஆபரேஷன், லென்ஸ், மருந்து, சாப்பாடு, தங்கல், போகவர வண்டி எல்லாமே இலவசம். அவசரம் இல்லாத புரை என்றால் அடுத்த முகாம் எப்போது என்று விசாரித்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

சின்ன டவுன்களில் அரவிந்தின் விஷன் சென்டர்களும் இருக்கின்றன. பயிற்சி பெற்ற பெண்கள் கருவியில் கண்ணைப் பரிசோதிப்பார்கள், பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் வழியாக அதைப் பார்த்துப் பேசுவார். சின்னக் கட்டணம் உண்டு. மதுரைக்குப் போய்வரும் பஸ் காசையும் ஒருநாள் கூலியையும் கணக்குப் பார்த்தால் அது மிச்சம்தான்.

எங்கே போவதென்று ஒன்றும் புரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள், அரசின் மருத்துவ உதவி எண். இலவசம் என்று சொன்ன இடத்தில் யாராவது கை நீட்டினாலும் அதே எண்ணில் புகார் சொல்லலாம். பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருக்கும் வயசாளி என்றால் 14567, முதியோர் உதவி எண். காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை எடுப்பார்கள்.

காப்பீட்டு அட்டை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையிலோ முகாம் வழியாகவோ புரை ஆபரேஷன் செய்ய அது தேவையில்லை. ஆனால் விழித்திரை, கருவிழி போன்ற பெரிய சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருப்பது நல்லது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உண்டு. உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சை அதில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள், அல்லது 1800 425 3993-இல் கேளுங்கள்.

"எனக்கு எதுக்கு இனிமே?"

ஆஸ்பத்திரியைவிடக் கஷ்டம் இந்தக் கட்டம்தான். அப்பத்தா திண்ணையை விட்டு நகர மாட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன், எனக்கு எதுக்கு இனிமே?" இப்படிச் சொல்கிறவர்களிடம் நான் டாக்டர் வெங்கடசாமி கதையைச் சொல்வேன். அவர் அரசு வேலையில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு, 1976-இல், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையால்தான் கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். "ரிட்டயர் ஆன மனுசன் ஆசுபத்திரியே கட்டியிருக்கார், நீ பஸ் ஏற மாட்டியா அப்பத்தா?" என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, "புரை முத்தட்டும்." இது அந்தக் காலத்துக்குச் சரி. லென்ஸ் வைக்காமல் புரையை அப்படியே எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுத்த காலத்தில், முத்தின பிறகு வா என்றுதான் டாக்டர்களே சொன்னார்கள். இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே எடுத்துவிடலாம். முற்றவிட்டால் ஆபரேஷன் சிரமமாகும். மிஞ்சிப் போனால் புரையே வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்படி நரம்பு கெட்ட பிறகு புரையை எடுத்தாலும் பார்வை வராது.

"ஓசி லென்ஸு மட்டமா இருக்கும்" என்பார் மகன். ஒரு காலத்தில் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை ஏழைக்கு எட்டாது. 1992-இல் மதுரையிலேயே அரவிந்தைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் முகாமில் வருகிறவர்களுக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. இங்கே செய்த லென்ஸ் வெளிநாடுகளுக்கும் போகிறது. மடக்கு லென்ஸ் என்றால் வெட்டு இன்னும் சிறிது, சீக்கிரம் ஆறும், அந்த வித்தியாசம் உண்மை. சாதா லென்ஸ் வைத்தாலும் தையல் இல்லாமல்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், பார்வையும் நன்றாகவே வருகிறது. வண்டி ஓட்டி நாலு ஊர் போகிறவருக்கு மடக்கு லென்ஸ் வேண்டும் என்று கேட்டால் சரி. வீட்டோடு இருக்கும் அப்பத்தாவுக்கு அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

வலிக்குமா என்று கேட்டால் மறைக்காதீர்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டால் அது கொஞ்சம் வலிக்கும். அப்புறம் தெரியாது. மேஜையில் படுத்து எழ அரை மணி நேரம்கூட ஆகாது.

முகாமுக்குக் கிளம்பும் நாள்

முதல் நாளே தலைக்குக் குளிக்க வையுங்கள், அப்புறம் சில வாரங்களுக்குத் தலைக் குளியல் கிடையாது. மூக்குத்தி, தோடு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பாம்படம் போட்ட பாட்டிகள் இதற்கு ஒத்துக்கொள்ள நேரமாகும், முந்தின வாரமே பேச்சை எடுங்கள். ஒரு மாற்று உடுப்பு, துண்டு, சோப்பு. ஆண்களுக்குத் தலைவழியாக மாட்டும் பனியன் வேண்டாம், பொத்தான் வைத்த சட்டை. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். இலவச ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனைக்கு ஒரு தொகை கொடுக்கிறது, அந்தக் கணக்குக்குத்தான் ஆதார் கேட்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. எடுக்கிற போன் நம்பர் ஒன்றைக் காகிதத்தில் எழுதி மடியில் வையுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். சுகர், பிரஷர் மாத்திரையை அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போலப் போட வேண்டும். சுகர் ஏறி இருந்தால் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே போய்த் திரும்புகிறவர்களில் பலர் இதனால்தான் திரும்புகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று, தாத்தாக்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது: ஒன்றுக்குப் போகச் சிரமம் என்று புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் மாத்திரை. அந்த மாத்திரைகளில் சில கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரையைத் தொய்ய வைக்கும், டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப ஆபரேஷன் செய்வார். தாத்தா சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். இருமல், இழுப்பு, மல்லாந்து படுக்க முடியாமை இருந்தாலும் சொல்ல வேண்டும்.

முகாமில் முதலில் பெயர்ப் பதிவு, பிறகு பார்வை அளவு. எழுத்துத் தெரியாதவர்களுக்கு மூன்று கால் நீட்டிய எழுத்துப் படம் காட்டி, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்வார்கள். வீட்டிலேயே ஒருமுறை பழக்கிக் கொண்டுபோனால் அங்கே திகைக்க மாட்டார்கள். கண் அழுத்தம், கண்ணீர்ப்பை அடைப்பு, பிரஷர், சுகர் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்தால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகவும் வெயில் கூசியும் இருக்கும். பைக்கில் வந்த பெரியப்பாவைத் திரும்ப ஓட்ட விடாதீர்கள்.

தேர்வானவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். "வீட்ல சொல்லிட்டு அடுத்த வாரம் வரேன்" என்று இறங்கிவிட்டவர் அடுத்த வாரம் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆட்டுக்குத் தழை, மாட்டுக்குத் தண்ணீர், பேத்தியைப் பள்ளியில் விடுவது, எல்லாவற்றுக்கும் முந்தின நாளே ஆள் சொல்லி வைத்துவிடுங்கள். அப்பத்தா தயங்குவதற்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒரு ஆடு நிற்கும்.

அந்த ஒரு மாதம்

ஆபரேஷன் டாக்டர் வேலை. அதற்குப் பிறகு உங்கள் வேலை. சொட்டு மருந்து நாளைக்கு ஆறு முறை என்பதுபோலத் தொடங்கி, வாரம் போகப்போகக் குறையும், சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுக்க வைத்து, கீழ் இமையை லேசாக இழுத்து, உள்ளே ஒரு சொட்டு. ஒரே சொட்டுப் போதும், கன்னத்தில் வழிவது எல்லாம் வீண். பாட்டில் நுனி கண்ணிலோ இமை மயிரிலோ படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் அன்றன்றைக்குக் கிழிக்கிற காலண்டர் தாளிலேயே ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்வேன். ராத்திரி தாளைப் பார்த்தால் எத்தனை முறை விட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

வேலைக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காலை, மாலை, இரவு நீங்கள் விடலாம், நடுப்பகலுக்கு யார்? எதிர்வீட்டில், பெட்டிக்கடையில், அங்கன்வாடியில் ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தயங்காமல் கேளுங்கள், மறுத்தவர்கள் மிகக் குறைவு.

தூங்கும்போது கண் மேல் மூடி போட வேண்டும், தூக்கத்தில் கசக்குவதுதான் பெரிய ஆபத்து. முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். விறகடுப்புப் பக்கம் விடாதீர்கள். குடம் தூக்குவது, குனிந்து கூட்டுவது, பேரனை இடுப்பில் வைப்பது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். பத்தியம் கிடையாது. கத்தரிக்காய் கூடாது, மீன் கூடாது என்று வெறும் ரசச்சோறு போடும் வீடுகள் இன்றும் உண்டு. நன்றாகச் சாப்பிடட்டும், சுகர் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு மட்டும்.

கண் லேசாக உறுத்தும், நீர் வடியும், அது சகஜம். வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு ஏறினால், பீளை தள்ளினால், நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அதே நாள் ஆஸ்பத்திரி. ராத்திரி என்றாலும்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச்சொல்வார்கள். "நல்லாத்தான் தெரியுது, எதுக்கு" என்று போகாமல் இருந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் கண்ணாடிப் பவர் பார்ப்பார்கள். வைத்தது பெரும்பாலும் தூரப் பார்வைக்கான லென்ஸ், படிக்கவும் ஊசி கோர்க்கவும் கிட்டப் பார்வைக் கண்ணாடி வேண்டியிருக்கும். மாதங்களோ வருஷங்களோ கழித்து மறுபடி மங்கினால், "திரும்பப் புரை வளந்திருச்சு" என்று பயப்பட வேண்டாம். எடுத்த புரை திரும்ப வளராது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கும், லேசரில் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கும்

தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் வயசானவர்களுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி இலவசமாகத் தரப்படுகிறது, கண் மருத்துவ உதவியாளரிடமே கேளுங்கள். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017-இல் வந்தது. 60 வயதுக்கு மேல், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குக் கண்ணாடி, காது மெஷின், கைத்தடி, பல் செட் தருகிறார்கள். இதற்கென முகாம் போடும்போது ஆளை நேரில் பார்த்து அளவெடுப்பார்கள், பொருள் பிறகுதான் வரும். கலெக்டர் ஆபீஸில் சமூக நலப் பிரிவில் விசாரித்து வையுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி? இரண்டு கண்ணும் ஒரே பவர் என்றால் பேப்பர் படிக்கச் சமாளிக்கலாம். அதை வாங்கியதால் கண்ணைக் காட்ட வேண்டியதில்லை என்று ஆகாது.

சுகர் இருப்பவர்களுக்குத் தனியாக

பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். சுகரால் விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவது ஆரம்பத்தில் தெரியாது, தெரிய வரும்போது தாமதமாகியிருக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021 முதல் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிறதே என்று கண்ணை மறந்துவிடுகிறார்கள். மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடமே கண் பரிசோதனை எந்த நாள் என்று கேட்கலாம்.

கண் அழுத்த நோயும் அப்படித்தான், வலி இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆயுசுக்கும் சொட்டு மருந்து. அப்பாவுக்கு இருந்தால், நாற்பது தாண்டிய பிள்ளைகளும் அதே நாளில் அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். கூடத்தானே போகிறீர்கள்.

பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டால்

"இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று டாக்டர் சொன்னதும் குடும்பம் கைவிட்டுவிடுகிறது. ஆபரேஷனில் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்று உண்டு. மிச்சமிருக்கும் கொஞ்சப் பார்வைக்கு ஏற்ற உருப்பெருக்கிகள், விளக்குகள் கொடுத்துப் பழக்குவார்கள். சென்னைப் பக்கம் பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய. படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. சோற்றை எவர்சில்வர் தட்டில் போடாதீர்கள், பளபளப்பில் எது சோறு எது தட்டு என்று தெரியாது. வாழை இலையிலோ கரும்பச்சைத் தட்டிலோ வெள்ளைச் சோறு நன்றாகத் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் டாக்பேக் வரும், திரையில் இருப்பதை வாசிக்கும். அது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாலே பாதிப் பேருக்குப் போதும்.

ரூபாய் நோட்டில் ஏமாறுவது பெரிய கவலை. புதிய நோட்டுகளின் முன்பக்கத்தில் இடது வலது ஓரங்களில் மேடாக அச்சிட்ட சாய்கோடுகள் இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். 100-க்கு நான்கு கோடு, 500-க்கு ஐந்து. 200-க்கும் நான்குதான், ஆனால் நடுவில் இரண்டு சின்ன வட்டம் இருக்கும். அழுக்கேறிய நோட்டில் கோடு மழுங்கியிருக்கும், அப்போது நீளம்தான் கைகொடுக்கும்: 100-ஐவிட 200 நான்கு மில்லிமீட்டர் நீளம், 200-ஐவிட 500 நான்கு மில்லிமீட்டர் நீளம். திண்ணையில் உட்கார்ந்து பேரனோடு விளையாட்டாகப் பழகினால் விரல் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. வயசானதால் வந்த பார்வைக் குறைதானே என்று யாரும் இதற்கு விண்ணப்பிப்பதில்லை. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசுக் கண் மருத்துவர் சான்று கொடுத்தால் வயது தடையில்லை. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு இ-சேவை மையத்தில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள், அல்லது கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள், மருத்துவச் சான்று முகாம் எந்தக் கிழமை என்று அங்கே சொல்வார்கள். மடக்கு ஊன்றுகோலும் கறுப்புக் கண்ணாடியும் அங்கேயே கேட்கலாம். அட்டை இருந்தால் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் அவருக்கும் டிக்கெட் இல்லை, கூடப்போகும் ஒருவருக்கும் இல்லை.